வசனம் மறந்த அத்தை

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில், எங்கள் காலனியில் நான்கு ஞாயிற்றுக்கிழமை மாலைகள் கலை விழா நடத்துவதென்று முடிவானது. செயலாளராக அப்பாவைப் போட்டார்கள். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளுக்கு உதிரிப் பாகம் விற்கும் கடையில் வேலை பார்க்கும் மனிதருக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்டாள். மைக் செட்காரரின் நம்பர் அப்பாவிடம் இருந்தது. அதுதான் சம்பந்தம்.

முதல் வாரம் பாட்டு, அடுத்த வாரம் நடனம், மூன்றாம் வாரம் நாடகம், கடைசி வாரம் கும்மியும் பரிசளிப்பும். மேடைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரருக்குச் சொந்தமாகப் போர்வெல் போடும் ரிக் வண்டி இருந்தது. அதன்கூடவே குழாய் ஏற்றிப் போகும் லாரியைக் கழுவி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துக் காலி மனையில் நிறுத்திப் பக்கப் பலகைகளை இறக்கிவிட்டால் மேடை தயார். முதல் வாரம் பாட வந்த பால் சொசைட்டிக்காரர் நான்கு பாட்டு என்று சொல்லிவிட்டு ஒன்பது பாடினார். இரண்டாம் வாரம் எங்கள் குழு நடனத்தில் என் கால் சலங்கை அவிழ்ந்து முன்வரிசைப் பெரியவர் மடியில் போய் விழுந்தது. அவர் அதை நடனத்தின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்.

மூன்றாம் வார நாடகத்தை எழுதியவர் எங்கள் தெருவிலிருந்த பேங்க் கேஷியர். கணவன் வேடமும் அவருக்கே. டிவி ரிமோட்டுக்காகக் கணவனும் மனைவியும் சண்டை போடுகிறார்கள். மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். கணவன் போய்க் கூப்பிடுகிறான். அவள், "சரி, வாரேனுங்க, முன்னால நடங்க" என்கிறாள். உடனே எல்லோரும் மேடையேறி ஒரு பாட்டு. அவ்வளவுதான் நாடகம்.

மனைவியாக நடிக்கவிருந்த பெண்ணுக்கு ஒரு வாரம் முன்னால் அம்மை போட்டுவிட்டது. ஒத்திகை எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. அத்தை தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததால் அவளுக்கு எல்லோருடைய வசனமும் மனப்பாடம். கேஷியர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "நம்ம காலனிதானே, நடி" என்றார்.

அத்தை அப்பாவின் தங்கை. நாமக்கல் பக்கம் புதுச்சத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமாவுக்கு அங்கே கோழிப்பண்ணை. எட்டு மாதமாக அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். அந்த ஊர்த் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். வந்த புதிதில் அவள் இடது மணிக்கட்டில் கட்டு இருந்தது. தண்ணீரால் கை எப்படி வீங்கும் என்று நான் கேட்டதற்கு அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டாள்.

நாடகத்தன்று மாமா வருவார், இரவு தங்கிவிட்டுக் காலையில் அத்தையைக் கூட்டிப் போவார் என்று ஏற்பாடு. பெரியவர்கள் இரண்டு முறை பேசி முடித்திருந்தார்கள். அத்தையின் துணிகளை அம்மா பையில் அடுக்கிவிட்டாள். அப்பா மட்டும் சவரம் செய்துகொண்டே கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்.

"போயிக்குவியா?"

"நீங்க சொன்னா சரிங்ணா."

அப்பா அதற்குமேல் கேட்கவில்லை.

எனக்கு அப்போது இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. எனக்குக் கிடைத்திருந்த வேலைதான் பெரிது. யாராவது வசனத்தை மறந்தால் எடுத்துக்கொடுக்க வேண்டும். லாரியின் கேபினுக்குள் டிரைவர் சீட்டில் மண்டியிட்டு, பின்பக்கச் சிறு ஜன்னல் வழியாக மேடையைப் பார்த்தபடி, கேஷியர் எழுதிய நோட்டை விரித்து வைத்திருந்தேன். யார் எப்போது மறப்பார்கள் என்று ஆசையோடு காத்திருந்தேன். யாரும் மறக்கவில்லை. அத்தையோ பிரமாதமாக நடித்தாள். ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு அவள் ஓடியபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வீட்டில் அவள் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

மாமா முன்வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கால்மேல் கால்.

கடைசிக் காட்சி. கேஷியர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பொழுதாச்சு, ஊட்டுக்குப் போலாமா?" என்றார்.

அத்தை பேசவில்லை. கேஷியரை அவள் பார்க்கவே இல்லை. முன்வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் நேரம் வந்துவிட்டது. ஜன்னலில் வாயை வைத்து, "அத்தே, வாரேனுங்க" என்றேன்.

அத்தை சொன்னாள், "நான் வரலைங்க."

நான் பதறிப்போனேன். நோட்டை மறுபடியும் பார்த்தேன். தெளிவாக எழுதியிருந்தது. இந்த முறை பலமாகவே சொன்னேன். "வரலைங்க இல்ல அத்தே, வாரேனுங்க. வாரேனுங்க, முன்னால நடங்க." மேடைக்கு நடுவில் தொங்கிய மைக்கில் அது விழுந்து காலனி முழுக்கக் கேட்டது. ஜனங்கள் சிரித்தார்கள்.

அத்தை சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நான் வரலைங்க. இனி எப்பவும் வரலைங்க. எங்கண்ணன் ஊட்டுலயே இருந்துக்கறேன்."

கேஷியர் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "பாத்தீங்ளா, ஒரு ரிமோட்டுக்கு இவ்வளவுங்க" என்றார். பெரிய சிரிப்பு. பாட்டுக்காரர்கள் அவசரமாக மேடையேறிவிட்டார்கள். அந்த இரைச்சலில் அத்தை லாரியின் பின்பக்கம் இறங்கிப் போனதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். முன்வரிசையில் மாமா காலை இறக்கி வைத்திருந்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தோம். அத்தை சமையலறையில் நின்றாள். மாமா, "ஊரே சிரிக்குது மச்சான், இதுக்குத்தான் வரச் சொன்னீங்களா?" என்றார். அப்பா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, ஏதோ சாதாரண விஷயம் போல, "ஏழே முக்காலுக்கு நாமக்கல் பஸ் இருக்குது. வாங்க, ஸ்டேண்டுல உட்டுட்டு வாரேன்" என்றார். பேசும்போதே வண்டிச் சாவியை எடுத்துவிட்டார்.

"காலைல கூட்டிட்டுப் போறதாப் பேச்சு."

"அதான் வரலைன்னு சொல்லிருச்சேங்க."

மாமா சமையலறைப் பக்கம் பார்த்தார். நடுவில் அம்மா வந்து நின்றுகொண்டாள். அவள் அங்கே செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு நேராக அத்தையிடம் போனேன். "ஒரே ஒரு வரி. அதையும் நான் எடுத்துக் குடுத்தேன். ஏன் அத்தே தப்பாச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அத்தை என் தலையைத் தடவினாள். "மறந்து போயிருச்சு சாமி" என்றாள்.

நான் அதை நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பல வருடங்கள் நம்பினேன். பள்ளி திறந்ததும் தோழிகளிடம், எங்கள் நாடகம் அத்தையால்தான் கெட்டுப்போனது என்று சொல்லித் திரிந்தேன்.

அதற்கு முன், நான்காவது ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு வந்தது. நாடகத்தில் சிறந்த நடிப்புக்கு என்று அத்தையின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு எவர்சில்வர் தூக்குப் போசி. கும்மிக்காக ஒரே நிறப் புடவை கட்டி வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அம்மை போட்டு மீண்டிருந்த பெண்ணும் எழுந்தாள். பாட்டுக்கோ நடனத்துக்கோ யாரும் எழுந்து நிற்கவில்லை. அத்தை மேடையேறி, வாங்கிக்கொண்டு, இறங்கி வந்து உட்கார்ந்த பிறகும் கைதட்டல் நிற்கவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரே ஆத்திரம். தப்பாகச் சொன்னவளுக்குப் பரிசு, சரியாக எடுத்துக்கொடுத்தவளுக்கு ஒன்றுமில்லை. அத்தனை பேருக்கு நடுவில், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அழுத்தி வைத்துக்கொண்டு, கைதட்டாமல் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான்.