ஊமைப்படத்தின் மேல் ஸ்பீக்கர்

ஆறு மாதம் கெஞ்சிய பிறகு, பெருநகர் கிராமத்து நண்பர் இன்றுதான் அந்தப் பழைய ஊமைப்படத்தை வீடியோ கேசட்டில் பிரதி எடுத்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் பையைக் காலடியில் வைத்தேன். பின்னால் ஏறிய மைக் செட்காரர், கூம்பு ஸ்பீக்கரை அதன்மேலேயே இறக்கினார்.



"அண்ணே, அத்த எடுங்க. உள்ள வீடியோ கேசட் கீது. ஸ்பீக்கர் காந்தம் பட்டா படம் அழிஞ்சிடும்."

நகர இடமில்லாத கூட்டம். உத்திரமேரூர் வரை ஸ்பீக்கர் அசையவில்லை.

"இன்னா படம் சார்?"

"ஊமைப்படம். பேச்சே கிடையாது."

"அப்ப இன்னாத்துக்கு பயப்பட்றீங்க? சத்தமே இல்லாத படத்த ஸ்பீக்கர் இன்னா பண்ணிடும்?"

வீட்டில் வீடியோ டெக் முன்னால் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். கேசட்டைப் போடக் கை வரவில்லை.

மைக் செட்காரர் சொன்னதுதான் சரி என்று யாராவது சொல்லுங்களேன்.