மிக்ஸி நின்றபோதெல்லாம்

என் மகளுக்கு வலிப்பு நோய் இருக்கிறது. பதின்மூன்று வயதில் முதல் தடவை வந்தது. மாத்திரையில் அடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை, சொந்தக்காரர்களிடம் சொல்லவில்லை. தாம்பரத்துக்குப் பக்கம் செம்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்து அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. "நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?" என்று மகளின் வாயையும் அடைத்துவைத்தேன்.

கல்லூரிக்குப் போனதும் ஆன்லைன் விளையாட்டு பிடித்துக்கொண்டது. நாலு பேர் ஒரு அணி. ஆடும்போதே பேசிக்கொள்ள ஒரு ஆப் வைத்திருந்தார்கள். அது போன் நம்பர் கேட்டது, யார் யாரோ உள்ளே வந்தார்கள். நான் சாப்பிடாமல் சண்டை போட்டேன்.

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "இதுவும் பேசுற ஆப்தான், ஆனா ஓப்பன் சோர்ஸ்மா. எப்படி எழுதியிருக்காங்கன்னு யார் வேணா பிரிச்சுப் பாக்கலாம். நம்ம பழைய லேப்டாப்லயே ஓடும், எங்க பேச்சு அது வழியா மட்டும்தான் போகும். நம்பர் வேண்டாம், மெயில் வேண்டாம், நிஜப் பேரே வேண்டாம். நாங்க நாலு பேர்தான். போதுமா?"

போதும் என்றேன். ஊரையும் நோயையும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். டி.வி.க்குப் பக்கத்தில் அந்த லேப்டாப் இரவு பகலாக ஓடியது. பார்க்கும்போதெல்லாம் பாதுகாப்பாக உணர்ந்தேன்.

அது ஒரு சனிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். அவள் அப்பா வெளியே போயிருந்தார். அவள் தன் அறையில் கம்ப்யூட்டரில் ஆடிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் இட்லிப் பொடி அரைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மிக்ஸி சூடேறினால் நின்றுவிடும் என்பதால் நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டுவேன். அரைத்து முடித்து, உப்புப் பார்க்க அவளைக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

நாற்காலியோடு சரிந்து கிடந்தாள். உதடு நீலம். உடம்பு வெட்டிக்கொண்டே இருந்தது. தலையிலிருந்து கழன்ற ஹெட்செட்டில் பொடிப் பொடியாகக் குரல்கள் கேட்டன. விளையாட்டின் சத்தம் என்று நினைத்தேன். இந்தச் சனியனால்தான் என்று ஹெட்செட் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன்.

ஐ.சி.யூ.வில் மூன்று நாள். நினைவு வந்த பிறகு அவள் சொல்லித்தான் தெரியும்: அந்த வாரம் போன கல்லூரிச் சுற்றுலாவில் அறைத் தோழிகள் எதிரே மாத்திரை போட முடியாமல் இரண்டு நாள் விட்டிருக்கிறாள். இதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு வெகுநேரம் ஆனது. வார்த்தைகள் தாமதமாக வந்தன. இடது கை நடுங்கியது. மெல்ல மெல்லச் சரியாகும் என்றார் டாக்டர். எப்போது என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று, "அவங்க... பயந்திருப்பாங்க" என்றாள்.

"நீ பேசு."

"என்னன்னு? நீதானே... சொல்லாதேன்னே. நீயே சொல்லு."

ஹெட்செட்டை என் தலையில் மாட்டிவிட்டு, கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். லேப்டாப் அத்தனை நாளும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மூன்று பேரும் அந்த ஆப்பின் பேச்சறையிலேயே காத்திருந்தார்கள். நான் தொண்டையைச் செருமினேன்.

"யாரு? ஆன்ட்டியா?" என்றது ஒரு பெண் குரல். உடனே, "இருக்காளா?"

"இருக்கா."

யாரோ வாய்விட்டு அழுவது கேட்டது. அந்தப் பெண்தான் பேசினாள். "முதல்ல ஏதோ முனகல் கேட்டுச்சு ஆன்ட்டி. இவன் 'ஓவரா நடிக்காத, செத்துட்டியா, எழுந்து சுடு'ன்னு கிண்டல் பண்ணினான். நாங்களும் சிரிச்சோம். அப்புறம்தான் பயம் வந்துச்சு. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணேன். விலாசம் கேட்டாங்க. பேச்சு சென்னை மாதிரி, அடிக்கடி சின்ன பிளேன் சத்தம் கேக்கும், தாம்பரம் ஏர்போர்ஸ் பக்கமா இருக்கலாம்னேன். எந்தத் தெருன்னாங்க. எங்களுக்குப் பேரே தெரியாதே ஆன்ட்டி."

"வீட்ல ஆள் இருக்குன்னு தெரிஞ்சுது," என்றான் ஒரு பையன். "மிக்ஸி ஓடிச்சு. அது நின்னப்பல்லாம் மூணு பேரும் சேர்ந்து கத்தினோம். மறுபடி ஓடிடும்."

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பதினோரு நிமிஷம். மேட்ச் டைமர் ஓடிட்டிருந்துச்சு. அப்புறம் லைன் கட் ஆயிடுச்சு."

கட் பண்ணியது நான்தான் என்று சொன்னேன். பிறகு சொன்னேன்: "அவளுக்கு வலிப்பு நோய். ஏழு வருஷமா இருக்கு." கட்டிலில் அவள் அசையவில்லை. அவள் பெயர், எங்கள் தெரு, என் நம்பர் எல்லாம் சொன்னேன். அந்தப் பெண் நம்பரை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். சாயங்காலம் கீழே போய் அக்காவிடமும் சொன்னேன்.

இப்போது என் போன் அடித்தால் யார் என்று பார்ப்பதில்லை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவள் அறைக்கு ஓடுகிறேன். பெரும்பாலும் ஏதாவது விளம்பரமாகத்தான் இருக்கும். அவள் ஹெட்செட்டோடு திரும்பிப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, "ஒண்ணும்... இல்லம்மா" என்கிறாள்.