ஒரே ஒரு பெயர் எழுதுங்கள்

கம்பனி கைமாறிய அந்த எட்டு மாதமும் என்னுடைய வேலை, பயப்படுகிறவர்களின் பயத்தைப் போக்குவது. அதில் நான் கெட்டிக்காரி. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி பிளட்ஸில் லிப்ட் இடையில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு வெளியே நின்று கதை கொடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். “அவ நல்லாக் கதைப்பா” என்று சொல்லுவார்கள். அது முழுப் பாராட்டு இல்லை என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்கு வரும் சாமான்களைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்பனியில் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். ஏறக்குறைய நாற்பது பேர் வேலை செய்தோம். முதலாளிக்கு வயது போய்விட்டது, பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு. கம்பனியை வேறொரு பெரிய இடத்துக்கு விற்றுவிட்டார். விற்ற பிறகுதான் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு வரிசையாக எல்லாருக்கும் கைகொடுத்தார். அவருடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஆலோசகர் வந்தார். வாங்கியவர்கள் அனுப்பிய ஆள், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அவர் குரல் உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. வரும்போதே கையில் பெரிய பெட்டி நிறையப் பட்டிசும் ரோல்சும். ஒரு கிழமைக்குள் யாருடைய பிள்ளை எந்த வகுப்பு, யாருக்குச் சீனி வருத்தம் என்றெல்லாம் பாடமாக்கி வைத்திருந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசுவார், நான் பக்கத்தில் நின்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் என்னைப் பிடித்தார்கள்.

முதல் கூட்டத்தில் அவர், மாற்றம் வரும்போது எதிர்ப்பு வருவது இயல்பு, அந்த எதிர்ப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து இளக வைப்பதுதான் நமது முதல் வேலை என்றார். நான் தமிழில் ‘எதிர்ப்பு’ என்று சொல்லவில்லை. ‘தயக்கம்’ என்றேன். எதிர்க்கிறவர் என்று பெயர் எடுத்தவர்களுக்கு இந்த நாட்டில் என்ன நடந்தது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும்; அந்தச் சொல்லைக் கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள். தயக்கம் என்றதும் முகங்கள் கொஞ்சம் இளகின. அவருக்கு நல்லது செய்தேனா, இவர்களுக்கு நல்லது செய்தேனா என்று அப்போது யோசிக்கவேயில்லை. சொல்லை மாற்றினேன், கூட்டம் நன்றாகப் போனது, ரோல்ஸ் சாப்பிட்டோம்.

வாசலோடு இருந்த மேசையில் டெலிபோன் அக்கா இருந்தார். வெளியிலிருந்து வரும் அழைப்புகளை எடுத்து உள்ளே மாற்றிக் கொடுப்பது அவருடைய வேலை. பதவி அவ்வளவுதான். ஆனால் துறைமுகத்துக்குப் போய் வரும் வாஃப் கிளாக்மார் முதல் டிரைவர்கள் வரைக்கும் எதுவென்றாலும் முதலில் அவருடைய மேசையில்தான் வந்து நிற்பார்கள். வீட்டில் சண்டை, லீவுக் கடிதம், பிள்ளைக்கு டியூசன், எல்லாம் அங்கேதான். சிங்களப் பெடியங்கள் ‘அக்கே’ என்று கூப்பிட்டு ஏச்சு வாங்கிக்கொண்டு போவார்கள். அக்கா ஏசுவதும் ஒரு அழகு.

அவருடைய வீடு இரண்டு தெரு தள்ளி. கணவர் பாரிசவாதத்தில் விழுந்து ஐந்து வருடம். காலையில் ஒரு பெண் வந்து கழுவித் துடைத்துவிட்டுப் போவாள். மத்தியானச் சாப்பாட்டை மட்டும் அக்காவே போய்க் கரண்டியால் ஊட்ட வேண்டும், வேறு யார் கொடுத்தாலும் அந்த மனிதர் வாயை மூடிக்கொள்வார். பழைய முதலாளி அதற்காக அக்காவுக்கு மத்தியானம் ஒன்றரை மணித்தியாலம் விட்டிருந்தார். நடந்து போய், ஊட்டி, நடந்து வருவார். இப்படி ஒரு வேலை கொழும்பில் வேறெங்கும் அவருக்குக் கிடைக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“தங்கச்சி, என்னை வைச்சிருப்பினமோ?” என்று ஆலோசகர் வந்த முதல் கிழமையே கேட்டார்.

“உங்களை விட்டா இந்த ஒபிஸ்ல ஆரக்கா இருக்கினம்?” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

பிறகு சுவர்ப் பலகை வந்தது. உள்ளே நுழையும் இடத்தில் ஒரு வெள்ளைப் பலகையைப் பொருத்தி, பக்கத்தில் மஞ்சள் ஒட்டுத்தாளும் பேனையும் வைத்தார்கள். உங்கள் கவலையை எழுதி ஒட்டுங்கள், பெயர் போடத் தேவையில்லை. மூன்று நாள் ஒருவரும் ஒட்டவில்லை. நாலாம் நாள் யாரோ சிங்களத்தில் ‘கக்கூஸ் கதவு பூட்டுப்படாது’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அடுத்த நாள் காலையில் புதுப் பூட்டு. எட்டு வருடம் கேட்டுக் கிடைக்காதது ஒரு நாளில் கிடைத்துவிட்டது. அதன் பிறகு பலகை மஞ்சளாகிவிட்டது. மின்விசிறி, பஸ் தூரம், புது மனேஜர் யார், ஆட்களை நிறுத்துவீர்களா. ஒவ்வொரு பின்னேரமும் ஆலோசகர் தன் கைப்போனில் பலகையைப் படம் எடுத்துவிட்டு, தாள்களை உரித்து ஒரு உறையில் போட்டுக்கொண்டு போவார். மின்விசிறி சரியானது. மற்றக் கேள்விகளுக்குப் பதில் வரவில்லை, தாளும் திரும்பி வரவில்லை.

அந்த மாதத்திலேயே தேத்தண்ணி அறையைத் திருத்தப் போவதாகப் பூட்டினார்கள். அது திறக்கவேயில்லை. வரவேற்பில் இருந்த நாலு கதிரையில் இரண்டைக் காணவில்லை. அக்காவின் மேசையைச் சுற்றி நின்று கதைக்க இடமில்லாமல் ஒரு கண்ணாடித் தடுப்பு வந்தது. வாடிக்கையாளர்களுக்கு நேரடி நம்பர் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள், அதைத் தனியாக எங்களுக்குச் சொல்லவில்லை. அக்காதான் முதலில் கண்டுபிடித்தார்.

“தங்கச்சி, இண்டைக்குப் பதினொரு மணி வரைக்கும் ஒரு கோலும் வரேல்ல” என்றார். “லைன் பழுதோ எண்டு என்ர போன்ல இருந்து அடிச்சுப் பாத்தனான். நல்லாத்தான் அடிக்குது.”

“மழையெல்லோ அக்கா, ஆக்கள் அடிக்காயினம்” என்றேன். வெளியே நல்ல வெயில்.

அதற்கு அடுத்த கிழமை சீட்டு. ஒரு கார்ட்போட் பெட்டியில் துளை வெட்டி என் மேசையில் கொண்டுவந்து வைத்தார் ஆலோசகர். எல்லாரும் ஒரு துண்டுக் கடதாசியில் பதில் எழுதிப் போட வேண்டும். கேள்வி ஒன்றுதான்: வேலையில் ஒரு பிரச்சினை என்றால் முதலில் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? ஒரே ஒரு பெயர் எழுதுங்கள்.

“ஏன் ஒன்று? இரண்டு மூன்று எழுதினால் என்ன?” என்று கேட்டேன்.

“இரண்டு கேட்டால் மரியாதைக்கு மனேஜரின் பெயரையும் எழுதுவார்கள்” என்றார். “ஒன்று என்றால் உண்மையை எழுதுவார்கள்.” ஆட்கள் நம்புகிற ஒருவர் மூலமாகத்தான் மாற்றத்தைக் கொண்டு போக வேண்டும், அதற்குத்தான் இது என்று விளக்கமும் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

சிங்களப் பிள்ளைகள் சட்டென்று எழுதிப் போட்டுவிட்டார்கள். தமிழ் ஆட்கள் ஒருவரும் பேனையைத் தொடவில்லை. அதைத்தான் அவர் எதிர்ப்பு என்று குறித்துக்கொண்டார். எனக்கு அது வேறு. யார் யார் வீட்டில் தங்குகிறார்கள், ஊரிலிருந்து யார் வந்து நிற்கிறார்கள் என்று பொலிசுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். இன்னொருவருடைய பெயரை எழுதிக் கொடு என்றால் எங்கள் கை தானாக மடங்கிவிடும். யுத்த நேரம் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அப்பாதான் அந்தப் படிவத்தை நிரப்புவார். ஊரிலிருந்து வந்து நின்ற சித்தியின் மகனுடைய பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அப்பா அவனுடைய முகத்தை நேரே பார்த்துக் கதைத்ததை நான் காணவில்லை.

“என்னா மிஸ், பேரெல்லாம் எழுதச் சொல்றீங்க?” என்று கேட்டார் மலையகத்திலிருந்து வந்து பத்து வருடமாக எங்களோடு இருந்த வாஃப் கிளாக் ஒருவர். “எழுதுனா அவங்களுக்கு ஏதும் வராதா?”

எவ்வளவு சரியான கேள்வி. அதற்கு நான் என்ன சொன்னேன் என்றால், “அண்ணை, இது பொலிஸ் பதிவில்லை. கலியாணத்துக்குப் பொம்பிளை கேக்கினம் எண்டு நினைச்சு எழுதுங்கோ” என்றேன். அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். சிரிக்க வைத்தால் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். மேசை மேசையாகப் போய் இதையே ஒவ்வொரு மாதிரிச் சொன்னேன். மத்தியானத்துக்குள் பெட்டி நிறைந்துவிட்டது.

பின்னேரம் கண்ணாடி அறையில் அவர் சீட்டுகளை விரிக்க, தமிழையும் சிங்களத்தையும் நான் வாசித்துச் சொன்னேன். அக்காவின் பெயர். அக்காவின் பெயர், எழுத்துப் பிழையோடு. சிலர் ‘டெலிபோன் அக்கா’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஒரு டிரைவர் எழுதாமல் டெலிபோன் படம் கீறியிருந்தார். பத்தாவது சீட்டுக்குப் பிறகு என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“இவருடைய பதவி என்ன?” என்று கேட்டார். சொன்னேன். அவர் தன்னுடைய கொப்பியில் ஒரு சொல் எழுதி வட்டம் போட்டார்.

அதன் பிறகு அக்காவுக்கு நல்ல மரியாதை. அவரைக் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்து அபிப்பிராயம் கேட்டார்கள். புதிய நியமனக் கடிதங்கள் வந்தபோது, எல்லாரையும் கையெழுத்து வைக்கச் சொல்லி நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தில் எங்களுடைய பழைய சேவைக்காலம் கணக்கில் வராது என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வந்தார். அடுத்த நாள் தன்னிடம் வந்து கேட்ட எல்லாருக்கும் ஒன்றைத்தான் சொன்னார்: “மூண்டாம் பக்கத்தை வாசிச்சுப்போட்டு சைன் வையுங்கோ.”

ஒரு கிழமைக்கு ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை.

நான் பயந்துபோய் அவரைப் படியடியில் மறித்தேன். “அக்கா, கொஞ்ச நாளைக்கு ஒண்டும் சொல்லாம இருங்கோ. உங்களுக்குக் கும்பிடுறன்.”

“கேட்டு வாறவனுக்கு என்ன சொல்லுறது? நான் என்ன பொய்யே சொன்னனான்?” என்றார். “சைன் வைக்க வேண்டாம் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல, தங்கச்சி.”

அன்று பின்னேரம் ஆலோசகர், அக்கா என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். ஒரு சொல்கூட மாற்றாமல் மொழிபெயர்த்தேன். எதிர்ப்பைத் தயக்கம் ஆக்கத் தெரிந்த எனக்கு அன்று ஒரு பொய் வரவில்லை. “அவ்வளவுதானா?” என்றார். அவ்வளவுதான் என்றேன். “அது போதும்” என்றார். கோபமே இல்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. டெலிபோன் பதவி இனி இல்லை, வரும் அழைப்புகளுக்குப் பதிவுசெய்த குரல் ஒன்று பதில் சொல்லும். கண்ணாடி அறையில் அக்காவுக்குப் பக்கத்தில் என்னை இருத்தி, கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். அக்காவின் ஆங்கிலம் என்னுடையதை விட நல்லது. ஆனாலும் நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். மடியில் இருந்த இரண்டு கையும் ஒன்றையொன்று பிடித்திருந்தன. பிறகு, “இனி மத்தியானத்தில…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

ஆலோசகர் முன்னால் சாய்ந்தார். ஆறுதல் சொல்கிறாராம். இதை மனதில் எடுக்க வேண்டாம், உங்களை இங்கே எல்லாரும் எவ்வளவு நம்புகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும், அந்தச் சீட்டுகளில் எல்லாம் உங்கள் பெயர்தான் இருந்தது என்றார்.

நான் மொழிபெயர்க்க முன்னமே அக்கா என் பக்கம் திரும்பிவிட்டார்.

“என்ர பேரையே எழுதினவை? எத்தினை பேர்?”

“கிட்டத்தட்ட எல்லாரும் அக்கா.”

அந்த முகத்தை எப்படிச் சொல்வேன்? வேலை போன கடிதம் மடியில் கிடக்க, அந்த மனுசி வெட்கப்பட்டுச் சிரித்தார். கண் நிறைந்துவிட்டது. “நீங்களும் எழுதினீங்களோ, தங்கச்சி?”

“ஓம் அக்கா” என்றேன்.

நான் எழுதவில்லை. எல்லாரும் போட்டு முடியும் வரைக்கும் பெட்டியடியில் நின்றுவிட்டு, கடைசியாக ஒரு வெறுங்கடதாசியை நாலாக மடித்து உள்ளே போட்டேன். ஆலோசகர் அதை விரித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் தனியாக வைத்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று மேசை மேசையாகப் போய் மற்றவர்களுக்குச் சொன்னவள், தன்னுடைய சீட்டில் மட்டும் எழுதவில்லை. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது என்று இவ்வளவு காலமும் எல்லாருக்கும் சொல்லி வருகிறேன். தெரியாதவள் ஏன் வெறும் கடதாசி போட்டாள்?

அக்கா எழும்பி என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

“எனக்கு அது போதும், தங்கச்சி” என்றார்.