சத்தமே இல்லாத ஊர்

முதலில் மன்னிப்பு கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எழுத்துப் பிழைகளோ அதைவிட மோசம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வாராவாரம் படிக்கிற உங்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியாது. பத்திரிகை ஆபீஸில் இதை டைப் அடிக்கிற அம்மாவுக்குத்தான் தெரியும். இந்த வாரம் கொஞ்சம் நீளம் வேறு... அம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் எங்கள் சினிமா கம்பெனியில் எனக்கு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார்கள். என் பெயருக்குக் கீழே ‘லொகேஷன் மேனேஜர்’ என்று போட்டிருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து நின்றால் அந்தப் பக்கமே போகாத ஆள் நான். எனக்குக் கார்டு! யாரிடம் நீட்டுவது? பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரரிடம்தான் முதலில் கொடுத்தேன்.

அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “குட்டியானை லோடு வண்டி ஓட்டிக்கிட்டுத் திரிஞ்ச ஆளு நீ. உனக்கு எப்படிய்யா இந்த வேலையக் குடுத்தாங்க?”

ஒரு தப்பு செய்தேன். அதனால் கொடுத்தார்கள்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முதலில் உரக்கடை மாடியில் ஒற்றை அறை, அவ்வளவுதான். அதை ஆரம்பித்தவர் வரதராசன்பேட்டை ஜெயசீலி மேடம். அப்போது கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். லைட், ஸ்டாண்டு எல்லாம் ஏற்றிப்போக என் வண்டியைத்தான் கூப்பிடுவார். கல்யாண வீடியோவிலிருந்து குறும்படம். பிறகு உடையார்பாளையத்தில் ஒரு முந்திரிக் கடைக்கு விளம்பரம்... கொசு ஒழிக்கச் சொல்லி ஒரு படம்... மூன்று பேராக இருந்தவர்கள் பதினோரு பேரானோம். ஒரு அறை இரண்டானது. ஒருநாள் மேடம், “அண்ணே, முழுப் படம் எடுக்கப் போறோம்” என்றார். நான் போய் வண்டிக்கு டீசல் போட்டு வந்தேன். சந்தோஷம் வந்தால் எனக்கு வேறென்ன செய்யத் தெரியும்?

எங்கள் படத்துக்கு டப்பிங் கிடையாது. ஆட்கள் நடிக்கும்போதே குரலைப் பதிவு செய்துவிடுவோம். அதனால் எந்த வீட்டைப் பார்த்தாலும் மேடம் கேட்கிற முதல் கேள்வி — “சத்தம் இருக்கா?”

ரெட்டிபாளையம் பக்கம் என் மாமனார் ஊரில் ஓட்டு வீடு ஒன்று பிடித்துக் கொடுத்தேன். “சத்தமா? ஒண்ணும் கிடையாதுங்க” என்றேன். மேடம் வீட்டுக்கார அம்மாவைக் கேட்டார். “எங்க வூட்டுலயா? காக்கா கத்துனாத்தான் உண்டு” என்றார் அவர். பக்கத்து வீட்டிலும் அதே பதில். மேடம் மூன்று முறை வந்து பார்த்தார். மூன்று முறையும் காலையில்.

ஷூட்டிங்கின் கடைசி நாள். சென்னையிலிருந்து வந்திருந்த நடிகைக்கு அன்று சாயங்காலம் ரயில். மறுநாள் வேறு படத்துக்காகத் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொள்ளப் போகிறார். விட்டால் பிடிக்க முடியாது. பாக்கி இருந்தது ஒரே காட்சி; அந்த வீட்டில் எடுக்க வேண்டியதும் அது ஒன்றுதான். வெளியூருக்கு வேலைக்குப் போகத் துடிக்கிற நாத்தனாரிடம், சமையல்கட்டில் நின்று அண்ணி சொல்ல வேண்டும்: “நீ போ. நான் பாத்துக்கறேன்.” மொத்தக் கதையும் அந்த இரண்டு வரிக்காகத்தான். அது இல்லாவிட்டால் படமே இல்லை.

நாத்தனார், சென்னை நடிகை. அண்ணி, அதே ஊரில் தையல் மிஷின் வைத்திருக்கும் தனக்கொடி. என் மனைவிக்குத் தங்கை முறை.

மதியச் சாப்பாடு முடிந்து கேமரா ஓடியது. தனக்கொடி “நீ போ...” என்றார். அந்த நேரம் பார்த்து சைரன் ஊதியது. பேச்சு நின்றது.

“கட்! ஏன் தனக்கொடி நிறுத்துனீங்க?”

“நான் எங்க மேடம் நிறுத்துனேன்?”

சவுண்டு பார்க்கிற ரியாஸ் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். “சத்தமே இல்லாத ஊருன்னீங்களேண்ணே... இது என்ன, குயிலா?”

சுண்ணாம்புக்கல் சுரங்கத்துச் சைரன் அது. பாறைக்கு வெடி வைப்பதற்கு முன் ஊதுவார்கள். எனக்குத் தெரியாதா? பெண் பார்க்க வந்த நாளிலிருந்து கேட்கிறேன். கேட்டுக் கேட்டு, காதில் விழுவதே நின்றுபோயிற்று. ஊருக்கே அப்படித்தான். யாருமே பொய் சொல்லவில்லை — அதுதான் வேடிக்கை!

“இப்ப என்னண்ணே ஆகும்?” என்றார் மேடம்.

“கால் மணி நேரத்துல இன்னொரு சைரன் ஊதுங்க, உடனே வெடி. அதோட சரி.”

“அப்ப முடிஞ்சதும் எடுத்துருவோம்.”

நான் மெல்லக் கதவுப் பக்கம் ஒதுங்கினேன். “முடிஞ்சதும்... கல்லு லாரி கிளம்பிருங்க. பொழுது சாயிற வரைக்கும் ஓயாது.”

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மேடம் வாசப்படியில் உட்கார்ந்துவிட்டார். நடிகை செல்போனில் மணி பார்த்தார்.

எனக்கு ஒன்று தோன்றியது. எப்படிச் சொல்வது? இத்தனை பேர் முன்னால் நான் எப்போது பேசியிருக்கிறேன்? கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னேன்.

“மேடம்... வெடியோடயே எடுத்துட்டா?”

“வெடியோடயா!” ரியாஸ் மைக்கைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டார்.

“சைரன் கேட்டா இந்த ஊரு பொம்பளைங்க பேச்ச நிறுத்திட்டு, அலமாரிப் பாத்திரம் விழுந்துறாமப் புடிச்சுக்குவாங்க. வெடிச்சு அடங்குனதும் விட்ட எடத்துலேந்து பேசுவாங்க. தனக்கொடியும் இப்ப அதத்தான் பண்ணுச்சு.”

“யாரு, நானா? மாமா, கதை விடாதீங்க!” வீட்டுக்கார அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

கேமராமேன் எடுத்ததை மானிட்டரில் திரும்ப ஓட்டினார். சைரன் ஊதுகிறது. தனக்கொடியின் வலது கை தானாக மேலே போய், அடுக்கிவைத்த எவர்சில்வர் பாத்திரங்களைப் பிடிக்கிறது.

“அடி ஆத்தீ... என் கையா அது!”

மேடம் எழுந்துவிட்டார். “ஒரே டேக்தான். விட்டா நாளைக்குக் கிடையாது. வெடி எப்பன்னு உங்களுக்குத்தாண்ணே தெரியும். நீங்க சொல்லும்போது ஆரம்பிக்கிறோம்.”

நானா?

தோளிலிருந்த துண்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். ரோட்டில் வண்டிகளை நிறுத்த, சுரங்கத்து ஆள் ஒருவர் சிவப்புக் கொடியோடு நிற்பார். அவர் கொடியை உயர்த்தினால் கொஞ்ச நேரத்தில் இரண்டாவது சைரன். உடனே வெடி. கண் இமைக்காமல் அந்தக் கொடியையே பார்த்தேன். சீக்கிரம் சொன்னாலும் போச்சு, தாமதித்தாலும் போச்சு. கொடி ஏறியது. துண்டை இறக்கினேன்.

“நீ போ...”

சைரன். தனக்கொடியின் கை பாத்திரத்துக்குப் போனது. வெடித்தது. ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. பாத்திரங்கள் கிணுகிணுத்தன. வெடிக்கும் என்று சொல்லி வைத்திருந்தும் நடிகை பயந்துபோய்த் தனக்கொடியைக் கட்டிக்கொண்டார். தனக்கொடியின் இன்னொரு கை அவர் தலையில் அமர்ந்து மெதுவாகத் தடவியது. அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எல்லாம் அடங்கியது. பாத்திரத்திலிருந்து கையை எடுத்தார்.

“நான் பாத்துக்கறேன்.”

மேடம் அப்படியே நின்றார். ரியாஸ்தான் கத்தினார். “மேடம், லாரி வருது... கட் சொல்லுங்க!”

போன மாதம் அரியலூர் தியேட்டரில் அந்த ஊர்க்காரர்களுக்காக ஒரு காலைக் காட்சி போட்டோம். அந்தக் காட்சி வந்தது. சைரன் ஊதியதும் பெண்கள் வரிசையில் நாலைந்து பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். வெடித்தபோது ஒரு குழந்தை வீரிட்டது. இருட்டுக்குள்ளிருந்து தனக்கொடியின் குரல் வந்தது.

“ஏ மாமா... இம்புட்டுச் சத்தத்துலயா நாங்க குடும்பம் நடத்துறோம்?”

யாரும் சிரிக்கவில்லை. தினமும் காதில் விழுந்ததை அவர்கள் அன்றைக்குத்தான் கேட்டார்கள். சினிமா என்றால் பார்க்காததைக் காட்டுவது என்று நினைத்திருந்தேன். பார்த்துப் பார்த்து மறந்துபோனதையும் காட்டலாம் போலிருக்கிறது!

படத்தைச் சென்னையில் கேட்டிருக்கிறார்கள். பேச்சு நடக்கிறது. மேடம் அதற்குள் அடுத்த கதையை எழுதிவிட்டார். உரக்கடைக்காரர் மூன்றாவது அறையையும் காலி செய்து தருகிறார். எனக்கும் வேலை வந்துவிட்டது. எந்த வீடு பிடித்தாலும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கே உட்கார்ந்து, என்னென்ன கேட்கிறது என்று பார்த்து வர வேண்டும். கூச்ச சுபாவக்காரனுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் உண்டா?

இதைக்கூட வாலிகண்டபுரத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். “இங்க ஒரு சத்தமும் கிடையாதுங்க” என்று காலையிலிருந்து ஐந்து பேர் சொல்லிவிட்டார்கள். ஐந்து பேர்! அதனால் இருட்டும் வரை நான் எழுந்திருப்பதாக இல்லை.

புரட்டாசி ஏழு, புதன்கிழமை.