ஒரே தொட்டியில் இரண்டு மாடுகள்

எங்கள் தெரு கோமதித்தாய்க்குப் பாகுபாடு பிடிக்காது. மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே அளவு சோறு. மாடுகளுக்கும் அப்படித்தான். தவிடும் பருத்திக்கொட்டையும் கரைத்து ஒரே தொட்டியில் ஊற்றி, ஒரு பக்கம் நாட்டுப் பசு மயிலையையும், மறுபக்கம் ஜெர்சி கலப்பான செவலையையும் கட்டிவிடுவார்.

செவலை அந்த வீட்டிலேயே பிறந்தது. நல்ல காளையின் சினை ஊசி, பத்து லிட்டர் கறக்கும் என்றார்கள். முதல் கன்று ஈன்று இரண்டு மாதமாகியும் ஐந்தைத் தாண்டவில்லை. விலா எலும்பு வேறு தெரிந்தது. மயிலையோ கொழுத்துப்போய் சினையே பிடிக்கவில்லை. ஊசியில்தான் ஏமாற்றிவிட்டார்கள் என்று கணவர் பிச்சையா முடிவு கட்டினார். செவலையை ஓட்டிப் போக வெள்ளிக்கிழமை வியாபாரியை வரச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கோமதித்தாய் சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை சங்கரன்கோவிலிலிருந்து தடுப்பூசி போட வந்த டாக்டர் நிர்மலாதேவியிடம் செவலையைக் காட்டினார். என்ன தீனி என்று டாக்டர் கேட்டதும், இரண்டுக்கும் சரிசமம் என்று பெருமையாகவே சொன்னார்.

"தப்பு அங்கனதான் இருக்கு," என்றார் டாக்டர். "செவலை நிறையப் பால் சுரக்கப் பிறந்த உடம்பு. தீனி பத்தலேன்னா தன் சதையையே கரைச்சுப் பாலாக்கும். மயிலை கொஞ்சத்துல வாழப் பிறந்தது. கூடக் கொடுத்தா பாலா வராது, கொழுப்பாத்தான் சேரும்."

"அப்ப ரெண்டுக்கும் நான் கெடுதல்தான் செஞ்சிருக்கேனா?"

டாக்டர் எதற்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

"இனிமே பிள்ளைகளுக்கும் டாக்டர் வந்துதான் சோறு அளக்கணுமோ?" என்றார் பிச்சையா.

"உங்களுக்கு அளக்கச் சொல்லுதேன்," என்றார் கோமதித்தாய். " மயிலை கணக்கா வயிறு வச்சிருக்கு."

மறுநாள் வந்த வியாபாரியிடம் ஒரு மாதம் தவணை கேட்டார் கோமதித்தாய். செவலைக்குத் தனித் தொட்டி வந்தது. தவிடு, பருத்திக்கொட்டை என்று அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். கிணற்றடி அகத்தியும் அதற்கே. மயிலைக்குச் சோளத்தட்டையும் காட்டு மேய்ச்சலும்தான். முதல் நாள் மாலை அது கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியபோது, கோமதித்தாய் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாதக் கடைசியில் செவலை எட்டு லிட்டர் கறந்தது. பத்து இன்னும் ஆகவில்லை. வியாபாரி வந்தபோது பிச்சையாவே காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். மயிலையும் வயிறு வற்றி, சினைப் பருவத்துக்கு வந்துவிட்டது.

ஆனாலும் செவலையின் தொட்டியில் பருத்திக்கொட்டை ஊற்றும்போது, மயிலையின் கண்ணில் படாதபடி கோமதித்தாய் குறுக்கே நின்றுகொள்கிறார்.