நடுவில் நின்ற முள்

விமானக் கருவிகளைப் பழுது பார்ப்பது, டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் ஓடிவிடுகிற நோயாளிக்கு வைத்தியம் பார்க்கிற பிழைப்பு. மெக்கானிக் வந்ததும் ஒழுங்காக ஓடும் மிக்ஸியைப் பார்த்து முழித்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

தரையில் சமர்த்து

தரையிறங்கும்போது சரியான சரிவில் வருகிறோமா என்று காட்ட ஒவ்வொரு விமானியின் முன்னாலும் தனித்தனியாக ஒரு முள் உண்டு. நடுவில் நின்றால் சரி. மேலே போனால் நாம் தாழ்ந்துவிட்டோம் என்று பொருள். மதுரையிலிருந்து வந்த ஒரு விமானத்தின் புகார்ப் புத்தகத்தில் கேப்டன் வசந்தி இப்படி எழுதியிருந்தார்: 'முள் மிகவும் ஒழுங்காக இருக்கிறது. அசையவே இல்லை.'

ஒழுங்காக இருப்பதும் ஒரு குற்றமா என்று சிரித்துக்கொண்டே சோதனைப் பொத்தானை அழுத்தினேன். முள் மேலே போனது, கீழே வந்தது. 'சோதித்தேன், சரி' என்று கையெழுத்துப் போட்டேன். என்னோடு வேலை பார்க்கும் திருப்போரூர் குமார் எட்டிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்த, தரையில நல்லாத்தான கீது, மேல போனா மட்டும் இன்னா பேஜாரு அதுக்கு?"

மூன்றாவது கையெழுத்து

அதே புகார் இன்னும் இரண்டு முறை வந்தது. விமானத்தின் மூக்கைத் திறந்து, தரையிலிருந்து முள்ளுக்குச் சிக்னல் கொண்டுவரும் ஆன்டெனா கேபிளைப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு அரை நாள் பிடிக்கும். விமானமோ அடுத்த ஊருக்குக் கிளம்பத் தயாராக நின்றது. பொத்தானை அழுத்தினேன், கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் முறை படிக்கட்டருகே கேப்டன் என்னை நிறுத்தினார். குரல் உயரவே இல்லை.

"நீங்க சரின்னு எழுதுறீங்க, அதை நம்பி நான் இத்தனை பேரை இறக்குறேன். ஒருநாள் என்கூட வந்து பாருங்க சார்."

உப்பளத்துக்கு மேலே

அனுமதி வாங்கி, விமானிகளுக்குப் பின்னால் இருக்கும் சின்ன இருக்கையில் உட்கார்ந்தேன். காலை வெயில். மாமல்லபுரம் கடல் சத்தமில்லாமல் நுரைத்துக்கொண்டிருந்தது. திருக்கழுக்குன்றம் மலை உள்ளங்கையில் அடங்கும் போலிருந்தது. கேளம்பாக்கத்து உப்பளங்கள் ஒவ்வொன்றாகப் பளிச்சிட்டு அணைந்தன. அங்கேதான் என் வீடு. எந்த மாடி என்று தேடிக்கொண்டே இருந்தேன். இப்படியே மிதந்துகொண்டிருந்தால் போதும் என்று தோன்றியது.

பிறகு திரும்பி மேகத்துக்குள் இறங்கினோம். வெளியே வெறும் வெள்ளை. கேப்டனின் முள் நடுவில் அசையாமல் நின்றது. என்ன அழகு என்று நினைத்தேன். கேப்டன் தன் முள்ளை விட்டுவிட்டு, பக்கத்து விமானியின் முள்ளைக் காட்டினார். அது உச்சிக்கு ஏறியிருந்தது. இருக்க வேண்டியதைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தோம். கேப்டன் விமானத்தின் மூக்கைத் தூக்கி மேலே ஏற்றிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"பாத்தீங்களா சார், செத்த முள்ளு எவ்வளவு நிம்மதியா இருக்கு."

இன்னொரு சுற்று

கடல் பக்கம் ஒரு வட்டம் அடித்து, பக்கத்து விமானியின் கருவியை வைத்துப் பத்திரமாக இறங்கினோம். கதவருகே நின்றிருந்தேன். ஒரு பயணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டே மனைவியிடம் குதூகலமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

"டிக்கெட்டு ஒண்ணுதான், மகாபலிபுரத்த ரெண்டு தபா காட்டிட்டாங்க பாரு!"

மூக்குக்குள்

அன்றே மூக்கைத் திறந்தோம். கேபிள் இணைப்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர். மேலே உறைகிற குளிரில் இருந்துவிட்டுக் கடற்காற்றுக்குள் இறங்கும்போதெல்லாம் உள்ளே வியர்த்திருக்கிறது. தரையில் வெயில் பட்டதும் காய்ந்திருக்கிறது. இணைப்பை மாற்றினோம். புகார்ப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த குமார் என் மூன்று கையெழுத்திலும் விரலை வைத்தான்.

"மூணு தபா சரின்னு எழுதிகினு கீறியே அண்ணாத்த, ஒரு தபாவாச்சும் தொறந்து பாத்தியா?"

அந்த விமானத்தில் முதலில் கழற்றிச் சோதித்திருக்க வேண்டியது என்னைத்தான்.