மூக்கர் தலையசைத்த மதியம்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வெளியே எடுத்து யாரும் புழங்குவதில்லை. சுற்றுலா பஸ்கள் ஓடுகிற அத்தனை சாலைகளிலும் அவர் மூக்கர்தான். பெரிய மூக்கு என்று நினைத்துவிடாதீர்கள். சப்பை மூக்கு. கண்ணாடி கூட ஒழுங்காக நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தச் சப்பை மூக்கை நம்பித்தான் இருபத்தாறு வருஷமாக பஸ் பஸ்ஸாக ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வழிகாட்டி வேலை. ஏரியைக் காட்டுவார், கோட்டையைக் காட்டுவார், எந்த ராஜா யாரை எங்கே வெட்டினான் என்று மைக்கில் சொல்வார். யார் கேட்டார்கள்? பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் வெளியே வேடிக்கை பார்ப்பார்கள். எல்லோரும் காத்திருப்பது சாப்பாட்டு வேளைக்கு. ஏனென்றால் மூக்கர் நிறுத்துகிற இடம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஒருமுறை நட்டநடுச் சாலையில், "அண்ணே, வண்டிய ஓரங்கட்டுங்க, எங்கயோ வெங்காயம் சரியான பதத்துல வதங்குது" என்று டிரைவரை நிறுத்தச் சொல்லி இறங்கிப்போனார். டயர் கடைக்குப் பின்னால் நாலு பெஞ்சு போட்ட ஓர் இடம். கணவனும் மனைவியும் முட்டையும் வெங்காயமும் மட்டும் வைத்துக்கொண்டு என்ன மாயம் செய்தார்களோ, அன்றைக்கு பஸ்ஸே தட்டை வழித்து நக்கியது. இன்னொரு முறை துறைமுகத்துப் பக்கம் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு அழைத்துப் போனார். "ஆஸ்பத்திரியிலயா சாப்பாடு? எங்கள நோயாளியாக்கிட்டுத்தான் விடுவீங்க போல" என்று முகத்தைச் சுளித்த அம்மாள், மூன்று கிண்ணம் சூப் குடித்துவிட்டு நான்காவதுக்குக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றாள். அப்படிப்பட்ட கை ராசி, இல்லை, மூக்கு ராசி.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பஸ் நிற்கும், ஒருத்தரும் இறங்கக் கூடாது. அவர் மட்டும் நேராகச் சமையற்கட்டுக்குள் போவார். மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விடுவார். பிறகு வாசலுக்கு வந்து தலையை அசைப்பார். மேலும் கீழும் அசைத்தால் இறங்கலாம். இடமும் வலமும் அசைத்தால் பஸ் கிளம்பிவிடும். காரணம் சொல்லவே மாட்டார். ஒன்பது வருஷத்துக்கு முன் வேறொரு கம்பெனி பஸ்ஸில் மதியம் சாப்பிட்ட பதினோரு பேர் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு, மற்ற பஸ்காரர்களும் மூக்கர் தலையைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்தினார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்றால் பொய்யில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஆறு வாரம் முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாளில் போய்விட்டது. ஐந்தாம் நாள் காலை அடுப்புப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி ஓடிவந்தார்.

"பால் கருகி வீடே நாறுது. பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கீங்க?"

மூக்கர் திருதிருவென்று விழித்தார். அந்த அம்மாள் வெங்காயத்தை நறுக்கி நீட்டினார். ஒன்றுமில்லை. காப்பித்தூள், சோப்பு, மண்ணெண்ணெய் என்று வரிசையாக நீட்டினார். ஒன்றுமில்லை. நாக்குக்கு உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, இனிப்பும் கசப்பும் தெரிந்தன. மற்றதெல்லாம் போயே போய்விட்டது. டாக்டர், "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா?

ஒரு மாதத்துக்கு மேல் லீவில் இருந்துவிட்டு டிரிப்புக்குக் கிளம்பிய அன்று, "முதலாளிகிட்ட சொல்லிடுங்க" என்றார் மனைவி.

"சொன்னா வீட்டுல உட்கார வெச்சிடுவாரு. அப்புறம் நான் யாரு? இந்த ஒரு டிரிப் முடியட்டும்."

"முப்பத்திநாலு பேர் வயிறுங்க அது."

அதற்கு மூக்கர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. கத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் இரண்டு நாளும் சங்கடமில்லை. எல்லாம் பழகிய இடங்கள். சமையற்கட்டுக்குள் போய் நாலு பேரை நலம் விசாரித்துவிட்டு வெளியே வந்து தலையை ஆட்டினார். வந்தவர்களில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மனைவியோடு முன் சீட்டில் இருந்தார். "சார், உங்க மூக்க இன்ஷூர் பண்ணி வைக்கணும்" என்று நாளுக்கு ஐந்து தடவை சொல்லிச் சிரித்தார். மூக்கரும் சிரித்துவைத்தார்.

மூன்றாம் நாள் பகலில் பாலம் பழுது என்று போலீஸ்காரர் வழியை மறித்து, எல்லா வண்டிகளையும் ஒரு கிளைச்சாலையில் திருப்பிவிட்டார். மூக்கர் ஒருநாளும் போகாத சாலை. ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று, கடை என்று பேருக்குக்கூட ஒன்று கண்ணில் படவில்லை. பின் சீட்டுக் குழந்தைகள் சிணுங்கத் தொடங்கின. இரண்டு மணிக்குத் தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை தெரிந்தது. டிரைவர் கேட்காமலே நிறுத்தினார். பின்னாலேயே வேறு கம்பெனி பஸ்கள் இரண்டு வந்து வரிசையாக நின்றன.

"மூக்கரே, போய்ப் பார்த்துட்டு வாங்க. எனக்கே பசி காதை அடைக்குது" என்றார் டிரைவர்.

மூக்கர் இறங்கும்போது வாத்தியாரின் மனைவி பையிலிருந்து ஊசியை எடுத்துவிட்டார். வாத்தியாருக்குச் சர்க்கரை. ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். மூக்கர் உள்ளே போகிறாரே, இனி என்ன என்ற தைரியத்தில் அந்த அம்மாள் போட்டேவிட்டார்.

கடையில் ஆறு மேஜை. இரண்டு லாரிக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சமையற்கட்டு சுத்தமாக இருந்தது. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, கடைக்குச் சொந்தக்காரி, அடுப்பு முன்னால் நின்றாள். அவளுடைய தங்கை அவசர அவசரமாக இன்னும் இரண்டு பானைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். "வாங்க சார், காலையிலேருந்தே வண்டிங்க இந்தப் பக்கம் திரும்புது. எத்தனை பேரு வந்தாலும் போட்டுடலாம்" என்றாள் கடைக்காரி. முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

மீன் பானையைத் திறந்தாள். ஆவி மூக்கரின் முகத்தில் அடித்தது. முகம் நனைந்தது, கண்ணாடி மங்கியது, அவ்வளவுதான்.

"மீன் எப்ப வந்தது?"

"காலையில ஆறு மணிக்கு சார்."

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஈ இல்லை. பாத்திரங்கள் பளிச்சென்று இருந்தன. ஒரு கரண்டி வாங்கி நாக்கில் விட்டார். உப்பு சரி. அப்புறம் புளிப்பு. நன்றாகவே புளித்தது. இது எலுமிச்சையா, தக்காளியா, அல்லது மீன் கெட்ட புளிப்பா? வாசனை இருந்தால் ஒரு நொடியில் தெரியும். "என்னம்மா போட்டீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் சொல்லியிருப்பாள். ஆனால் மூக்கர் என்று பெயர் வாங்கிய ஆள் சமையற்கட்டில் நின்று அப்படிக் கேட்பதா? வாய் வரவில்லை. பதினோரு பேர் படுத்த அந்த ஆஸ்பத்திரி வராந்தாதான் கண்ணுக்குள் வந்தது.

வாசலுக்கு வந்தார். மூன்று பஸ் ஜன்னல்களிலும் தலைகள். மூக்கர் தலையை இடமும் வலமும் அசைத்தார்.

பின்னால் நின்ற இரண்டு பஸ்களும் கதவைக்கூடத் திறக்காமல் கிளம்பிப் போய்விட்டன. சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு, பாதியில் தட்டைத் தள்ளிவைத்துக் கை கழுவினார்கள். கடைக்காரி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"என்ன சார் குறை? சொல்லிட்டுப் போங்க."

மூக்கர் மென்று விழுங்கினார். "மீன்... சரியில்லம்மா."

"எங்க சரியில்ல? எது சரியில்ல?"

மூக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் அவரையே பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய் ஒரு தட்டு நிறையச் சோறும் மீனும் போட்டுக்கொண்டு வந்து, முதல் மேஜையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். கண்ணை அவர் மேலிருந்து எடுக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடை வழியே இறங்கியது. அதைத் துடைக்காமல் முள்ளை எடுத்து எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

பஸ்ஸிலிருந்து வாத்தியாரின் மனைவி இறங்கி வந்தார். "சார், இவருக்கு ஊசி போட்டு இருபது நிமிஷம் ஆச்சு. கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. அடுத்த கடை எங்க இருக்கு?" கேட்டுவிட்டு, மேஜை மேலிருந்த தட்டுப் பக்கம் குனிந்தார். "வாசனை நல்லாத்தானே இருக்கு? எலுமிச்சம்பழமும் தக்காளியும் போட்டு எங்க வீட்டுல செய்யற மாதிரியே இருக்கு."

மூக்கருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொய் சொல்ல இன்னும் ஒரு வழி இருந்தது. பஸ்ஸில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்த கடை பக்கத்தில்தான் என்று சொல்லிவிடலாம். அதை நினைத்தும் பார்த்தார் மனிதர். அதற்குள் டிரைவரும் இறங்கி வந்துவிட்டார்.

"எனக்கு வாசனை தெரியலம்மா" என்றார் மூக்கர்.

"என்னது?"

"காய்ச்சல் வந்ததுலேருந்து தெரியல. ஆறு வாரமாச்சு. இந்த அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. மீன் நல்லாத்தான் இருக்கும். எனக்குத்தான் பயம்."

டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நேத்தும் முந்தாநாளும்?" என்று வாத்தியாரின் மனைவி கேட்டார்.

"பழைய இடங்க. நம்பிக்கையில தலைய ஆட்டினேன்."

"உங்களப் பார்த்துத்தான் சார் ஊசி போட்டேன்." அந்த அம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது மூக்கருக்கு. கூனிக்குறுகி நின்றார்.

கடைக்காரி எழுந்து கையைக் கழுவிக்கொண்டு முதல் தட்டை வாத்தியாருக்குப் போட்டாள். அவர் சாப்பிட்டார். நடுக்கம் மெல்ல நின்றது. பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். உட்கார்ந்த அத்தனை பேரும் தட்டை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார்கள். மூக்கர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

போய்விட்ட இரண்டு பஸ்காரர்களுக்கும் போன் போட்டார். ஒருவன் எடுக்கவில்லை. இன்னொருவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "திரும்ப முடியாதுங்க, ரொம்ப தூரம் வந்துட்டோம்" என்றான். சாயங்காலத்துக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும். முதலாளி அன்றைக்கே கூப்பிடுவார். தெரியட்டும், கூப்பிடட்டும். அடுப்பில் இரண்டு பானைகள் தொடாமல் அப்படியே இருந்தன.

கடைக்காரியிடம் போய், "மன்னிச்சிடுங்கம்மா" என்றார்.

அவள் பானையை மூடினாள். "நாளைக்குப் பாலத்தத் திறந்துடுவாங்க சார். அப்புறம் இந்த ரோட்டுல எவன் வரப்போறான்? எனக்கு இருந்தது இன்னைக்கு ஒரு நாள்."

மூக்கர் வெளியே வந்தார். நல்ல வெயில். தொப்பியை பஸ்ஸிலேயே விட்டிருந்தார். எடுக்கப் போகவில்லை. சாலை நடுவுக்குப் போய் நின்றார்.

முதலில் வந்த கார் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அடுத்த வேன் நிற்பது போல வேகத்தைக் குறைத்து, பைத்தியம் என்று நினைத்ததோ என்னவோ, சுற்றிக்கொண்டு போனது. கால் மணி கழித்து ஒரு சுற்றுலா பஸ் வந்தது. மூக்கர் இரண்டு கைகளையும் விரித்து மறித்தார். அதில் வந்த வழிகாட்டி அவருக்குத் தெரிந்தவன்தான், எத்தனையோ தடவை அவர் தலையைப் பார்த்து வண்டியை நிறுத்தியவன். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

"என்ன மூக்கரே, நடுரோட்டுல? சாப்பாடு எப்படி? இறங்கலாமா?"

"எனக்குத் தெரியாதுப்பா. என் மூக்கு போயிடுச்சு. நீயே உள்ள போய் மோந்து பாரு."

அவன் சிரித்தான். மூக்கர் சிரிக்கவில்லை என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டு இறங்கினான். கடைக்குள் போனான். பஸ் ஜன்னல்களில் நாற்பது தலைகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. மூக்கரால் மட்டும் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. அவன் வெளியே வரும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலிலேயே நின்றார்.